எல்லாம் தெரியும் என்று நம்பும் இளம் வடிவமைப்பாளர்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அச்சுக்கும் பேக்கேஜிங்குக்கும் வேலை செய்யும் சிறிய வடிவமைப்புக் குழுவை நடத்துபவர்களுக்கு ஏறத்தாழ ஆண்டுதோறும் வந்து சேரும் ஒரு சிக்கலைப் பற்றியது இந்த வழிமுறை. கல்லூரியை முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆன ஒருவர் வேலைக்குச் சேர்கிறார். கையில் வேகம் இருக்கிறது, கண்ணில் நுட்பம் இருக்கிறது, மென்பொருளின் குறுக்குவழிகள் நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கின்றன. ஆனால் தாம் முடித்த கோப்பை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பதை மட்டும் அவரால் ஏற்க முடிவதில்லை. அவரைத் திட்டி அடக்கிவிடலாம், அல்லது பொறுத்துக்கொண்டு இரவில் அவருடைய கோப்புகளை நாமே திருத்திவிடலாம். நான் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். முதலாவது ஒரு நல்ல கையை இழக்கவைத்தது. இரண்டாவது, தம் கோப்புகளில் பிழையே இருப்பதில்லை என்ற நம்பிக்கையை அவரிடம் இன்னும் உறுதியாக்கியது.

தொடங்கும் முன்: கோளாறு எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜஸ்டின் குரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், நகைச்சுவை, தர்க்கம், இலக்கணம் ஆகியவற்றில் மாணவர்களைச் சோதித்து, அவரவர் மதிப்பீட்டையும் கேட்டுப் பதிவு செய்தார்கள். கடைசிக் கால் பங்கில் இருந்தவர்கள் உண்மையில் நூற்றுக்கு 12 பேரை முந்தும் நிலையில் இருந்தும், தாங்கள் 62 பேரை முந்துவதாக மதிப்பிட்டிருந்தார்கள். இந்த இடைவெளியில் ஒரு பகுதி வெறும் புள்ளியியல் விளைவு என்று பின்னர் வந்தவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நாம் போக வேண்டியதில்லை. நமக்குப் பயன்படுவது அதே கட்டுரையின் இன்னொரு பகுதி: தர்க்கப் புதிர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்த பிறகு, மோசமாகச் செய்திருந்தவர்கள் தம் பழைய விடைகளைத் தாமே குறைத்து மதிப்பிட்டார்கள். ஒரு வேலையைச் செய்யத் தேவைப்படும் அதே அறிவுதான் அந்த வேலையில் உள்ள பிழையைக் காணவும் தேவைப்படுகிறது. அது வரும்வரை பணிவை மட்டும் கேட்டுப் பெற முயல்வது வீண்.

வடிவமைப்புத் தொழிலில் இது கூடுதலாக வேலை செய்கிறது. தச்சருக்கு மரம் உடனே பதில் சொல்லிவிடும், இணைப்பு பொருந்தாவிட்டால் பொருந்தாது. திரையோ எதையும் மறுப்பதில்லை. தவறான நிறம், குறைந்த ஓரம், படிக்க இயலாத எழுத்து ஆகிய எல்லாமே திரையில் அழகாக இருக்கும். பதில் மூன்று வாரம் கழித்து அச்சகத்திலிருந்தோ கடையிலிருந்தோ வரும். வரும்போதும் அது மூத்தவரின் தொலைபேசிக்குத்தான் வரும். ஆகவே கீழே உள்ள திருத்தங்கள் பெரும்பாலும், பொருளிலிருந்து வரும் பதிலை இளையவரின் மேசைக்கே கொண்டுசேர்க்கும் வழிகளே.

அறிகுறி: கேள்வியே கேட்காமல், சொன்ன நேரத்துக்கு முன்பே கோப்பை முடித்துவிடுகிறார்

முதலில் பார்க்க வேண்டியது நம் பக்கம். வேலையைச் சொல்லும்போது, ‘அந்த ஊறுகாய் லேபிள், போன மாசம் பண்ணின மாதிரியே’ என்று நின்றுகொண்டே சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால், இங்கே கோளாறு இளையவரிடம் இல்லை.

வேலை எழுத்தில் தரப்பட்டும் இது நடந்தால், மென்பொருளைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகளையாவது அவர் எழுதித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் கண்ணாடிப் புட்டியில் ஒட்டப்படுமா, பிளாஸ்டிக் ஜாடியிலா? மூடிக்கு மேல் முத்திரைத் தாள் வருமா? கடையில் எந்த உயரத்துத் தட்டில் இருக்கும்? முதல் வாரத்தில் அவருடைய கேள்விகள் சடங்குக்காக இருக்கும். நான்காம் வாரத்தில், வாடிக்கையாளரே யோசித்திராத ஒன்றைக் கேட்பார். அதைக் கேட்ட நாளில், அவருடைய பெயரைச் சொல்லியே அந்தக் கேள்வியை வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: எந்தத் திருத்தத்தையும் ‘அது உங்க டேஸ்ட்’ என்று ஒதுக்குகிறார்

அடிக்கடி வருவதும் அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். பாதி நேரம் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். நாம் கொடுக்கும் பத்துத் திருத்தங்களில் சில சட்டம், சில அச்சகத்தின் எல்லை, சில வாடிக்கையாளரின் நோக்கம், மீதி நம் விருப்பம். எல்லாவற்றையும் ஒரே சிவப்பு மையில், ஒரே குரலில் கொடுக்கிறோம். ‘இந்தப் பச்சையைக் கொஞ்சம் குறை’ என்பதும் ‘இந்தப் பச்சைக் குறியை எடுக்கக் கூடாது’ என்பதும் அவருக்கு ஒன்றாகவே கேட்கின்றன.

ஆகவே திருத்தங்களை வகை பிரித்து எழுதுங்கள். உணவுப் பொட்டலத்தில் சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் உள்ள பச்சை வட்டம், பொருளின் பெயருக்கோ பிராண்டின் பெயருக்கோ அருகில் முன்பக்கத்தில் இருக்க வேண்டும், அசைவக் குறி 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிம எண் 14 இலக்கம். இவை யாருடைய ரசனைக்கும் உட்பட்டவை அல்ல. இவற்றுக்கு எதிரே ‘சட்டம்’ என்று எழுதுங்கள். அடுத்தது ‘அச்சு’, அடுத்தது ‘நோக்கம்’. கடைசியில் ‘என் விருப்பம்’ என்று நேர்மையாக எழுதி, அதற்கு எதிரே அவர் மறுப்பு எழுதலாம் என்று இடம் விடுங்கள். முதன்முறை இப்படிப் பிரித்து எழுதியபோது, என் திருத்தங்களில் எத்தனை கடைசி வகையில் விழுந்தன என்பதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. ‘என் விருப்பம்’ என்ற வகையில் பாதியை விட்டுக்கொடுத்தால், மற்ற மூன்று வகைகளில் வாதமே எழுவதில்லை.

வகை பிரித்த பிறகும் ஒத்துக்கொள்ளாவிட்டால், வாதத்தைச் சோதனையாக மாற்றுங்கள். எங்களிடம் ஒரு மசாலாப் பொடிப் பாக்கெட்டுக்கு, பின்பக்கத்துச் செந்நிறத்தோடு ஒத்துப்போகட்டும் என்று பார்கோடையும் சிவப்பிலேயே ஒருவர் அமைத்திருந்தார். கறுப்பாக்கச் சொன்னபோது, ‘என் போன்ல ஸ்கேன் ஆகுதே, அக்கா’ என்று எடுத்துக் காட்டினார்; ஆகத்தான் செய்தது. கடைகளின் கல்லாவில் இருக்கும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை வீசி, திரும்பி வரும் ஒளியின் வேறுபாட்டைப் படிப்பவை. சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் அந்த ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்புவதால், அந்தக் கருவிக்கு அங்கே கோடே இருப்பதில்லை. இதை நான் விளக்கவில்லை. இரண்டு மாதிரிகளையும் அச்செடுத்துக் கொடுத்து, தெருமுனை மளிகைக் கடையில் காட்டிவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தவர் பார்கோடைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அன்று மாலையே, கடைப் பொருள்களில் வரும் 13 இலக்கப் பார்கோடான இ.ஏ.என்.-13 குறிக்கு முழு அளவில் 37.29 மில்லிமீட்டர் அகலம் வேண்டும், 80 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்கக் கூடாது, இரு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும் என்பதையெல்லாம் தாமே தேடி எடுத்துக் குழுவின் பலகையில் எழுதிவைத்தார்.

ஓர் எச்சரிக்கை: சோதனையில் தோற்றவரைப் பார்த்து ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று சொல்லிவிட்டால், சோதனை செய்ததன் பயன் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும்.

அறிகுறி: ‘திரையில் சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லி அச்சக மாதிரியைப் பார்க்க மறுக்கிறார்

இதற்கு மருந்து பேருந்துச் சீட்டு. சிவகாசியிலோ, உள்ளூர் ஆஃப்செட் அச்சகத்திலோ ஒரு முழு நாள், அவர் அமைத்த கோப்பு அச்சாகும் நாளிலேயே, இயந்திரத்தின் அருகில் நிற்கவையுங்கள். வேறு யாருடைய வேலையோ ஓடும் நாளில் அனுப்பினால் அது சுற்றுலாவாகத்தான் முடியும்.

அங்கே அவர் பார்க்க வேண்டியவை இவை. திரையில் துலங்கிய நீலம், திரையின் சிவப்பு-பச்சை-நீல ஒளியான ஆர்.ஜி.பி.யிலிருந்து அச்சின் நான்கு மைகளான (சயான் என்னும் நீலப்பச்சை, மெஜந்தா என்னும் ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) சி.எம்.ஒய்.கே.வுக்கு மாறும்போது, அதில் மெஜந்தாவின் அளவு சயானை நெருங்கியிருந்தால், ஊதாவாக இறங்கும். ஆழமாகத் தெரிய வேண்டும் என்று நான்கு மையையும் கொட்டிய பின்புலம், பூச்சுள்ள காகிதத்தில் நான்கு மைகளின் அளவையும் கூட்டி வழக்கமாகச் சொல்லப்படும் 300 விழுக்காட்டு எல்லையைத் தாண்டியிருந்தால் காயாது. அடுக்கில் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆறு புள்ளி (பாயிண்ட்) அளவுள்ள மிகச் சிறிய எழுத்தை நான்கு மையில் கலந்த கறுப்பில் அமைத்திருந்தால், ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடான பிளேட்களில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் விளிம்பில் நிறக்கசிவு தெரியும். ஒற்றைக் கறுப்பில் அமைத்திருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. வெட்டும்போது கத்தி சற்றே விலகும் என்பதால்தான் ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது பின்புலத்தின் கூடுதல் நீட்சி, கேட்கிறார்கள். அது இல்லாத தாளில் வெள்ளைக் கோடு விழும்.

இவை அனைத்தும் பாடத்தில் இருப்பவைதான். அவரும் தேர்வில் எழுதியிருப்பார். ஆனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தாளின்மேல் வைத்துப் பார்த்து, ‘தம்பி, இந்த ஃபைல் யார் பண்ணது?’ என்று மிஷின்மேன் கேட்கும் கேள்வி பாடத்தில் இல்லை. பிளேட்டை மறுபடி எடுக்க ஆகும் தொகையை அவரிடம் சொல்லுங்கள், சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த பிழையை உங்களிடமிருந்து மறைப்பார், அதுதான் எல்லாவற்றையும்விட விலை கூடியது.

அறிகுறி: தமிழ் எழுத்தமைப்பைத் தட்டச்சரின் வேலை என்று கீழாகப் பார்க்கிறார்

ஆங்கிலத் தலைப்பின் எழுத்துருவுக்கு மூன்று நாள் செலவிடுவார்; அதே அட்டையின் தமிழ் வரியை வாட்ஸ்ஆப்பிலிருந்து ஒட்டிவிட்டுப் போய்விடுவார். நம் ஊர்க் குழுக்களில் அளவு மீறிய தன்னம்பிக்கையின் மிகத் தெளிவான அறிகுறியாக இதைத்தான் நான் கருதுகிறேன். ஏனெனில் தெரியாத ஒன்றை எளிது என்று எண்ணுவது இங்கே கண்கூடாகத் தெரிகிறது.

உடனே சரிபார்க்க வேண்டியது ‘கொ’, ‘போ’, ‘கை’ போன்ற எழுத்துகள். கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நின்றால், மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துகளைக் கோக்கும் முறை தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று பொருள். அந்த அமைப்பை மாற்றினால் தீர்ந்துவிடும். வாடிக்கையாளர் பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த உரையை யுனிகோடு எழுத்துருவில் ஒட்டியிருந்தால், ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் கிடைக்கும். அதை எழுத்துரு மாற்றி மென்பொருளில் மாற்றிக்கொண்டு, அந்த மாற்றத்தில் விழுந்த பிழைகளை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். இவை இயந்திரப் பிழைகள், சொன்னால் புரிந்துகொள்வார்.

புரியவைக்கக் கடினமானது கண்ணின் பிழை. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கும் அப்படியே வைத்தால், மேல்வரியின் ‘மு’, ‘ழு’வின் வால்கள் கீழ்வரியின் ‘கி’, ‘தீ’யின் விசிறிகளோடு மோதும். எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டு விரித்தால், கொம்பும் காலும் தம் மெய்யை விட்டுத் தனியே நிற்கும். குறுகிய பத்தியில் இரு பக்கமும் நேராக்கினால், நீண்ட தமிழ்ச் சொற்களுக்கிடையே ஆறு ஓடுவதுபோல் வெள்ளை இடைவெளி விழும். சொல்லை வரியின் இறுதியில் உடைக்கலாம் என்றால், புள்ளி வைத்த மெய்யில் அடுத்த வரி தொடங்கிவிடும்.

பயன்தந்த சிகிச்சை ஒன்று: குழுவில் நெடுநாள் டி.டி.பி. (கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைக்கும்) வேலை பார்த்தவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் எல்லாரும் ‘அண்ணன்’ என்று கூப்பிடுபவர், கூட்டங்களுக்கு அழைக்கப்படாதவர். இரண்டு மாதத்துக்குத் தமிழ்ப் பக்கங்கள் எதையும் அவருடைய கையொப்பம் இன்றி வெளியே அனுப்பாதீர்கள். இந்த ஏற்பாட்டை இளையவருக்கான தண்டனையாக அறிவிக்காமல், எல்லாக் கோப்புகளுக்கும், உங்கள் கோப்புகளுக்கும் சேர்த்தே, நடைமுறைப்படுத்துங்கள். என் கோப்பிலேயே ‘முயற்ச்சி’ என்று இருந்ததை அண்ணன் வட்டமிட்டுத் திருப்பியனுப்பிய நாளில்தான் இந்த விதி எங்கள் அலுவலகத்தில் மெய்யாக ஊன்றியது.

அறிகுறி: வாடிக்கையாளர் முன்னிலையில் ‘ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் சார்’ என்கிறார்

அந்த இடத்தில் மறுத்துப் பேசாதீர்கள். ‘அச்சகத்தோடும் பேசிவிட்டு மாலைக்குள் எழுத்தில் சொல்கிறோம்’ என்று நீங்கள் சேர்த்துக்கொண்டால் போதும். வாடிக்கையாளர் பெரும்பாலும் இரண்டாவது வாக்கியத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்.

நேர மதிப்பீட்டில் தவறுவது இளையவர்களின் தனிக்குணம் அன்று. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டபோது சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே மிக மோசமாகப் போனால் எத்தனை நாள் என்றதற்கு 48.6 என்றார்கள், முடிக்க ஆனது 55.5 நாள். அதாவது, எச்சரிக்கையோடு யோசிக்கச் சொன்னாலும் மதிப்பீடு போதுமான அளவு திருந்துவதில்லை. திருந்துவது பழைய கணக்கைப் பார்க்கும்போதுதான். எனவே ஒவ்வொரு வேலைக்கும் அவர் சொன்ன நாளையும் ஆன நாளையும் அருகருகே ஒரு தாளில் அவரே குறித்துவரட்டும். பத்து வேலைகள் ஆனதும், வாடிக்கையாளர் கேட்கும் முன் அவர் அந்தத் தாளைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்.

அறிகுறி: பழைய லேபிளைக் கண்டவுடன் முழுவதையும் மாற்றிவிடலாம் என்கிறார்

இந்தப் பிழை மூத்தவர்களுக்கும் பெரிய முகமைகளுக்கும் நேர்வதே என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. 2009 ஜனவரியில் அமெரிக்காவில் டிராபிக்கானா ஆரஞ்சுச் சாற்றின் பெட்டியில், பழத்தில் உறிஞ்சுகுழல் செருகிய பழைய படம் நீக்கப்பட்டு, கண்ணாடிக் குவளையில் சாறு இருக்கும் புதிய தோற்றம் வந்தது. வாங்குபவர்கள் கடைத்தட்டில் தங்கள் பெட்டியை அடையாளம் காண முடியவில்லை என்று முறையிட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்தது. பிப்ரவரியிலேயே பழைய தோற்றத்துக்குத் திரும்புவதாக நிறுவனம் அறிவித்தது.

எதையும் மாற்றும் முன், பழைய லேபிளை மூன்று மீட்டர் தொலைவில் வைத்து, வாங்குபவர் எதை வைத்து அதைக் கண்டுகொள்கிறார் என்று பத்துப் பேரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். ‘அந்த மஞ்சள் மூடி’, ‘அந்த அம்மா படம்’ என்று வரும் விடைகள்தான் தொடக்கூடாதவற்றின் பட்டியல். மீதியில் அவர் விரும்பியபடி செய்யட்டும். அந்த அம்மா படம் அவருக்கு அசிங்கமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

அறிகுறி: திருத்திய பிறகு அடியோடு அமைதியாகிவிட்டார்

இதைக் குணமானதாகக் கருதிவிடக் கூடாது, மருந்து அதிகமாகிவிட்டது. முன்பு மூன்று மாற்று வடிவங்களோடு வந்தவர் இப்போது ஒன்றை மட்டும் கொண்டுவந்து ‘நீங்க சொல்ற மாதிரியே பண்ணிடறேன்’ என்கிறார் என்றால், அவருடைய கண்ணை நாம் அணைத்துவிட்டோம். அடுத்த சிறிய வேலை ஒன்றில், ஒரு காலண்டரோ அழைப்பிதழோ போதும், ‘என் விருப்பம்’ வகைத் திருத்தம் எதுவுமே கொடுக்காமல் அச்சுக்கு அனுப்புங்கள். அவருடைய பழைய கருத்துகளில் சரியாக இருந்த ஒன்றை, எல்லாரும் இருக்கும்போது நினைவுகூருங்கள். அப்படி ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லையென்றால், இதுவரை கவனிக்கத் தவறியவர் நீங்கள்தான்.

அறிகுறி: பிழை நேர்ந்த பின் கோப்பின் பழைய பதிப்பு காணாமல் போகிறது

மேலே சொன்ன எதுவும் இதற்குப் பயன்படாது, ஏனெனில் இது தன்னம்பிக்கையைப் பற்றியதே இல்லை. அளவு மீறிய நம்பிக்கை உள்ளவர் பிழையைக் காட்டினால் வாதிடுவார், மறைப்பவர் வாதிடுவதில்லை. அச்சகத்துக்குப் போன கோப்பைப் பின்னால் மாற்றி வைத்துவிட்டு, அச்சகத்தின்மேல் பழி போடுவது ஒருமுறை நடந்தால் தனியே அழைத்துக் காரணத்தைக் கேளுங்கள்; பயம் என்றால், அந்தப் பயத்தை யார் உண்டாக்கியது என்றும் பாருங்கள். மறுமுறை நடந்தால் அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும் உரிமையை நீக்கிவிடுங்கள், அந்த முடிவை எழுத்திலும் கொடுங்கள்.

இதற்கு மாறாக, தொடர்ந்து ஐந்து வேலைகளில் உங்கள் பார்வைக்கு வருமுன்பே தம் பிழைகளைத் தாமே பட்டியலிட்டுக் கொடுத்தவர் யாராயினும், ஆறாவது கோப்பை உங்களைக் கேட்காமல் நேரடியாக அச்சகத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று முதல் நாளிலேயே சொல்லிவையுங்கள். எங்கள் மசாலாப் பாக்கெட்டுக்காரர் அந்த நிலையை அடைய எட்டு மாதம் ஆனது. அந்த ஆறாவது கோப்பையும் என்னிடம் கொண்டுவந்து, ‘ஒரு தடவை பார்த்துடுங்க அக்கா, பிளீட் விட்டிருக்கேனான்னு’ என்று கேட்டார், விட்டிருந்தார்.